வாசகர் கேள்வி – பதில்: இரு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

இம்முறை வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. சிறிய பிராந்திய விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் பற்றிய அந்தக் கேள்விகளை ஒன்றாகத் தொகுத்துப் பதில் அளிக்கிறோம். எடுத்துக்காட்டு தேவைப்பட்ட இடங்களிலெல்லாம், முதல் வாசகர் குறிப்பிட்ட தூரத்தையே பயன்படுத்தியிருக்கிறோம்.

கேள்வி: இரண்டு பிராந்திய விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் 393 என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. இன்னொன்று 212 என்கிறது. மூன்றாவது 244 என்கிறது. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம், ஏனென்றால் மூன்றும் ஒரே தூரம்தான். 393 என்பது கிலோமீட்டர், 212 என்பது கடல் மைல், 244 என்பது தரையில் வழங்கும் சாதாரண மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; சாதாரண மைல் 1.609 கி.மீ. அலகைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் போடுகிற தளங்களால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

கடல் மைல் யாரோ மனம்போன போக்கில் வைத்த அளவு அன்று. அகலாங்கில் ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பகுத்தால், ஒரு கலைக்குப் பூமியின் மேற்பரப்பில் என்ன நீளம் வருமோ அதுவே கடல் மைல். 1929-இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு நீர்வரைவியல் மாநாடு அதைச் சரியாக 1,852 மீட்டர் என்று அறுதியிட்டது. வரைபடத்திலிருந்து தூரத்தை நேராகப் படித்துவிட முடிகிறது என்பதால், கப்பல்காரர்களின் இந்த அளவையே விமானிகளும் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட் எனப்படும்.

தூரத்தை நீங்களே சரிபார்க்க ஒரு சாதாரண கால்குலேட்டர் போதும். ஒரு விமான நிலையத்தின் அகலாங்கு 20 பாகை, மற்றதன் அகலாங்கு 23 பாகை, இரண்டுக்கும் நெட்டாங்கு வேறுபாடு 2 பாகை என்று வைத்துக்கொள்வோம். அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கி.மீ.; ஆகவே வடக்குத் தெற்காக 333.6 கி.மீ. வருகிறது. நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வருவதால், அந்த 2 பாகையை 111.2 ஆல் பெருக்கியபின் சராசரி அகலாங்கின் கொசைன் மதிப்பாலும் பெருக்க வேண்டும். 21.5 பாகைக்குக் கொசைன் 0.930 என்பதால் கிழக்கு மேற்காக 207 கி.மீ. கிடைக்கிறது. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 393 கி.மீ. வந்துவிடும். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குத்தான் இது. சில நூறு கிலோமீட்டர் வரை இந்தச் சுருக்குவழி பெரிதாகப் பிசகாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் பெருவட்டச் சூத்திரம் வேண்டும்.

கடைசி இலக்கத்தில் தளத்துக்குத் தளம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேறுபட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பூமி முழு உருண்டை அன்று; நடுவரையில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சிலர் சராசரியாக 6,371-ஐப் போட்டு உருண்டையாகக் கணக்கிடுகிறார்கள், சிலர் துருவங்களில் சற்றுத் தட்டையான அதன் உண்மை வடிவத்துக்குரிய நுட்பமான சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். போதாததற்கு, விமான நிலையம் என்பதும் ஒரு புள்ளி அன்று. அதன் ஆயத்தொலையாகப் பதிவாகியிருப்பது ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு குறிப்பிடம்தான். விமானம் அந்த இடத்திலிருந்து மேலெழும்புவதும் இல்லை, அங்கே வந்து நிற்பதும் இல்லை.

கேள்வி: மணிக்கு 510 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் 393 கி.மீ. தூரத்தை 46 நிமிடத்தில் கடக்க வேண்டும். கால அட்டவணையிலோ ஒரு மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கிறது. மீதி 34 நிமிடம் எங்கே போகிறது?

வகுத்தல் சரிதான், வகுத்த எண்களும், விடையோடு ஒப்பிட்ட நேரமும்தான் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. 393 கி.மீ. என்பது நூல் பிடித்தாற்போன்ற தூரம், விமானம் அந்த நூலின் மேல் பறப்பதில்லை. 510 கி.மீ. என்பது உச்சியில் சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம், அது பயணத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். அட்டவணையில் உள்ள நேரமோ வானில் பறக்கும் நேரம் மட்டும் அன்று. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்போம்.

முதலில் பாதை. விமானங்கள் காற்றை எதிர்த்தே மேலெழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். போகவேண்டிய ஊர் கிழக்கே இருந்து, அன்று காற்று மேற்கிலிருந்து வீசினால், விமானம் மேற்கு நோக்கிக் கிளம்பிப் பிறகு வளைந்து திரும்ப வேண்டும். சேருமிடத்திலும் இதே கதைதான்: ஓடுபாதையின் எந்த முனையில் இறங்கச் சொல்கிறார்களோ அந்த முனையைச் சுற்றிக்கொண்டு போய், பத்துப் பதினைந்து கி.மீ. தொலைவிலேயே அதன் நேர்க்கோட்டைப் பிடித்துவிட வேண்டும். இடைவழியில், வரைபடத்தில் ஐந்து எழுத்துப் பெயரிட்டுக் குறித்துள்ள வழிப்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும் பாதை இருக்கிறது. அது ராணுவப் பயிற்சி வான்பகுதியையோ உயரமான மலையையோ ஒதுக்கிச் செல்லக்கூடும். இவ்வளவும் சேர்ந்து 212 கடல் மைலை 230 ஆக்கிவிடுவது சாதாரணமாக நடப்பதே. வளைவுகள் பெரும்பாலும் இரு முனைகளிலேயே இருப்பதால், தூரம் குறையக் குறைய அவற்றின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

அடுத்தது வேகம். நீங்கள் குறிப்பிடும் 510 கி.மீ., அதாவது ஏறத்தாழ 275 நாட், ஏ.டி.ஆர். 72 வகை இரட்டை டர்போபிராப் (டர்பைன் எஞ்சினால் விசிறியைச் சுழற்றிப் பறக்கும்) விமானத்தின் உச்சநிலைப் பறப்பு வேகம். 17,000 அடி உயரத்துக்கு ஏறுவதற்கு அதற்கு 13 நிமிடம் போல ஆகிறது என்றும், அந்த ஏற்றத்தில் சராசரி வேகம் 190 நாட் என்றும் கொண்டால், அதற்குள் 41 கடல் மைல் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 17,000 அடிக்கு 51 கடல் மைல். ஓடுபாதையை நேர்ப்படுத்தும் தூரத்தையும் சேர்த்து 60 என்று வைப்போம். இறுதிக் கட்டத்தில் வேகம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுவதால், சராசரி 220 நாட் என்று கொண்டால், இதற்கு 16 நிமிடம் ஆகிறது. எஞ்சிய 129 கடல் மைலைத்தான் விமானம் தன் முழு வேகத்தில் பறக்கிறது. அதற்கு 28 நிமிடம். ஆக, சக்கரம் தரையை விட்டு மீண்டும் தரையைத் தொடும்வரை 57 நிமிடம். இது ஒரு மாதிரிக் கணக்குதான். விமானத்தின் எடை, வெப்பநிலை, கொடுக்கப்படும் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும்.

இனிக் கடிகாரம். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையிலேயே, பறப்பு நேரம் என்பது விமானம் மேலெழும்புவதற்காக முதன்முதலில் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, பறப்பு முடிந்து இறுதியாக நிற்கும் நொடிவரை உள்ள காலம். விமான நிறுவனங்கள் இதை 'பிளாக் டைம்' என்பார்கள். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு வைக்கும் கட்டையை எடுப்பதில் தொடங்கி மீண்டும் கட்டை வைப்பது வரை என்று பொருள். புறப்படும் இடத்தில் ஓடுபாதைக்கு உருண்டு போக 10 நிமிடம், சேர்ந்த இடத்தில் நிறுத்துமிடத்துக்கு உருண்டு வர 5 நிமிடம் என்றால் 72 நிமிடம் ஆகிவிட்டது. அட்டவணையில் இருக்கும் எஞ்சிய 8 நிமிடம், நிறுவனம் தன் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட உபரி. அதைப் பற்றி வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறோம்.

அடுத்த பயணத்தில் நான்கு நேரங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பாருங்கள்: விமானம் நகரத் தொடங்கியது, சக்கரம் தரையை விட்டது, சக்கரம் தரையைத் தொட்டது, விமானம் நின்றது. விமான நிறுவனங்களும் இதே நான்கையும்தான் 'அவுட், ஆஃப், ஆன், இன்' என்று ஒவ்வொரு பறப்புக்கும் பதிவு செய்கின்றன. நீங்கள் வகுத்துக் கண்ட 46 நிமிடத்தோடு ஒப்பிடத் தக்கது நடுவில் உள்ள இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே.

கேள்வி: விமானம் மேலே ஏறி இறங்குவதால் தூரம் கூடிவிடாதா?

கூடும், ஆனால் கேட்டால் சிரிப்பீர்கள். 17,000 அடி என்பது 5.2 கி.மீ. மேலே சொன்ன ஏற்றத்தில் தரையளவில் கடக்கும் தூரம் 76 கி.மீ.; சாய்வாக அளந்தால் அது 180 மீட்டர் போலத்தான் நீள்கிறது. உயரத்தில் பறக்கும்போது பூமியின் மையத்திலிருந்து ஆரம் கூடுவதால் நீளும் தூரம், 393 கி.மீ.க்கும் சேர்த்துச் சுமார் 300 மீட்டர். விமானம் ஓடுபாதைக்கு உருண்டு செல்லும் தூரம் பெரும்பாலும் இதைவிட அதிகம். ஏற்றத்தால் உண்டாகும் இழப்பு முழுவதும் வேகத்தில்தான்.

கேள்வி: டர்போபிராப்புக்குப் பதில் ஜெட் விமானம் விட்டால் நேரம் பாதியாகக் குறையுமா? ஜெட்டின் வேகம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் என்கிறார்களே.

இத்தனை குறுகிய தூரத்தில் பாதியாகக் குறையாது. பிராந்திய ஜெட் ஒன்று அதே 230 கடல் மைல் பாதையில் 28,000 அடிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு 75 கடல் மைலும், இறங்குவதற்கு 95 கடல் மைலும் போய்விட்டால், அது பெருமைக்குரிய தன் முழு வேகத்தில் பறக்க எஞ்சுவது 60 கடல் மைல், அதாவது எட்டு நிமிடம்தான். மேலும், பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் என்ற வேக வரம்பு இருப்பதால், தாழ்ந்த உயரத்தில் ஜெட் முந்திச் செல்ல இடமில்லை. தரையில் உருளும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சமாவது ஏறத்தாழ கால் மணி நேரம். அதற்காகச் செலவாகும் கூடுதல் எரிபொருளையும் பார்க்கும்போது, 400 கி.மீ. தூரத்துக்கு டர்போபிராப்பையே தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 1,500 கி.மீ. என்றால் கதை வேறு, அங்கே ஜெட்டை அடித்துக்கொள்ள முடியாது.

எல்லாத் தூரத்துக்கும் ஒரே சராசரி வேகத்தைப் போட்டு நேரம் சொல்கிற இணையதளங்கள் தடுமாறுவதும் இங்கேதான். அவை வைத்துக்கொள்ளும் வேகம் பெரும்பாலும் பெரிய ஜெட் விமானத்தினுடையது. இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே அவை '30 நிமிடம்' என்று காட்டினால், அந்த வழித்தடத்தில் பயணிகள் விமானமே இல்லாமல்கூட இருக்கலாம். இரு புள்ளிகளைக் கொடுத்தால் சூத்திரம் ஒரு விடையைத் தரத்தான் செய்யும்.

கேள்வி: போகும்போது ஆகிற நேரத்தைவிடத் திரும்பும்போது அதிகம் ஆகிறது. காற்றுதான் காரணம் என்றால், போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நேரும் நஷ்டத்தோடு சரியாகிவிட வேண்டாமா?

அப்படித்தான் தோன்றும், ஆனால் சரியாகாது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் 400 கி.மீ. போய்வர இரண்டு மணி நேரம், அதாவது 120 நிமிடம் ஆகும். இப்போது 100 கி.மீ. வேகக் காற்று ஒரே திசையில் வீசட்டும். பின்காற்றோடு தரைவேகம் 500 ஆகி, பயணம் 48 நிமிடத்தில் முடிகிறது. எதிர்க்காற்றில் 300 ஆகி, 80 நிமிடம் எடுக்கிறது. மொத்தம் 128 நிமிடம். காற்று உதவி செய்வது குறைந்த நேரம், இடைஞ்சல் செய்வது நீண்ட நேரம் என்பதால் கணக்கு ஒருநாளும் நேராவதில்லை. பக்கவாட்டிலிருந்து வீசும் காற்றுகூட, விமானம் மூக்கைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டே பறக்க வேண்டியிருப்பதால், முன்னேறும் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

ஆயினும் நம் 393 கி.மீ. பயணத்தில் இதன் விளைவு சிறியது. முழு வேகத்தில் பறக்கும் 129 கடல் மைலில் 30 நாட் காற்று இருந்தால், ஒரு திசையில் 25 நிமிடமும் மறுதிசையில் 32 நிமிடமும் ஆகும். ஏ.டி.ஆர். 72 போன்றவை 25,000 அடிக்கு மேல் ஏறுவதில்லை. அதற்கு மேலே ஆறுபோல் ஓடும் மேலடுக்கு ஜெட் காற்றோட்டத்தின் முழு வேகத்தில் அவை பெரும்பாலும் சிக்குவதில்லை. அந்தக் காற்றோட்டத்தின் வலிமைக்கு ஒரு சான்று: 2020 பிப்ரவரி 9-ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று, புயலை ஒட்டி வீசிய பின்காற்றில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. எதிர்த்திசையில் பறக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆவது வழக்கம்.

கேள்வி: அட்டவணைப்படி 9 மணிக்குப் புறப்பட்டு 9.20-க்குச் சேரும் விமானம், திரும்பும்போது 10 மணிக்குப் புறப்பட்டு 12.20-க்குச் சேருகிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அட்டவணையில் போடுவது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இரண்டு ஊர்களும் ஒரு மணி நேரம் வேறுபட்ட நேர வலயங்களில் இருந்தால் இப்படித்தான் தெரியும். இரண்டு பயண நேரங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மைச் சராசரி வந்துவிடும்: 20 நிமிடமும் 140 நிமிடமும் சேர்ந்து 160, ஆகவே ஒரு வழிக்கு 80 நிமிடம். குழப்பத்தைத் தவிர்க்கவே விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்களுக்குள் உலகப் பொது நேரத்தில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

கேள்வி: நான் சென்ற விமானம் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டும், குறித்த நேரத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டது. விமானி வேகத்தைக் கூட்டினாரா?

கூட்டியிருக்கலாம், ஆனால் அதனால் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். அரை மணிகூட நீடிக்காத சமநிலைப் பறப்பில் வேகத்தை நூற்றுக்கு ஐந்து கூட்டினாலும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது. கட்டுப்பாட்டாளர் வழிப்புள்ளிகளைத் தாண்டி நேர்வழி கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கிடைத்திருக்கும். மற்றதெல்லாம் அட்டவணையில் முன்னமே ஒளித்து வைத்த உபரி.

ஒரு வழித்தடத்தில் முன்பு நடந்த பறப்புகளின் நேரங்களை அடுக்கிப் பார்த்து, பெரும்பாலான நாள்களில் எந்த நேரத்துக்குள் சேர்ந்துவிட முடியுமோ அதையே நிறுவனங்கள் அட்டவணையில் போடுகின்றன. நெரிசல் மிகுந்த நிலையத்துக்கு நெரிசலான வேளையில் செல்லும் விமானத்துக்குக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதனால்தான் ஒரே வழித்தடத்தில் விடியற்காலை விமானத்துக்கு 75 நிமிடமும் மாலை விமானத்துக்கு 85 நிமிடமும் போட்டிருப்பதைக் காணலாம். பிராந்திய விமானம் ஒன்று ஒரே நாளில் ஆறு, எட்டு முறை பறக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் அது நிற்பது அரை மணி நேரம் போலத்தான் என்பதால், காலையில் தவறிய பத்து நிமிடம் மாலைவரை வால்பிடித்துக்கொண்டே வரும். நடுவில் அதை விழுங்கிக்கொள்ள அங்கங்கே இந்த உபரி தேவைப்படுகிறது. வேறொரு நன்மையும் நிறுவனங்களுக்கு உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், அட்டவணை நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டால் அது தாமதம் ஆகாது. அட்டவணையையே தளர்த்தி வைத்துக்கொண்டால் நேரந்தவறாமைப் பட்டியலில் மேலே வரலாம் அல்லவா? பயணியைப் பொறுத்தவரை இது சின்ன ஏமாற்று வேலை என்பதே என் கருத்து. ஆனால் தொடர்விமானம் பிடிக்க வேண்டியவருக்கு, நம்பத் தகாத 70 நிமிடத்தைவிட நம்பத் தகுந்த 80 நிமிடமே மேல்.

கேள்வி: ஊருக்கு மேலே வந்தபிறகும் விமானம் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை நேரம் அப்படிச் சுற்ற முடியும்? எரிபொருள் தீர்ந்துவிடாதா?

அது வட்டம் அன்று. ஓட்டப்பந்தயத் திடலைப் போன்ற நீள்வடிவம். விமானம் ஒரு நொடிக்கு மூன்று பாகை வீதம் திரும்புவதால், பாதிச் சுற்றுக்கு ஒரு நிமிடம் ஆகிறது. 14,000 அடி வரை நேர்ப்பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். இரண்டு திருப்பமும் இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். ஜன்னல் வழியே ஒரே ஏரியோ குன்றோ எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால், தாமதம் எவ்வளவு என்பது அறிவிப்பு வருமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எரிபொருளைப் பற்றிக் கவலை வேண்டாம். பயணத்துக்கு வேண்டியதோடு, எதிர்பாராத தேவைக்கென்று அதில் நூற்றுக்கு ஐந்து பங்கும், இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குச் செல்லத் தேவையானதும், அதற்கும் மேலாக 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் பறக்கப் போதுமான இறுதி இருப்பும் இருக்க வேண்டும் என்பதே டர்பைன் எஞ்சின் விமானங்களுக்குப் பொதுவான விதி. குறுந்தூரப் பயணங்களில் விந்தையாக, பயணத்துக்கான எரிபொருளைவிட இருப்பாகக் கொண்டுசெல்லும் எரிபொருளே அதிகமாகிவிடுவதும் உண்டு.

கேள்வி: உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை எது?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே ஆகிய இரு தீவுகளுக்கு இடையே லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் நடத்திவரும் சேவை. தூரம் 2.7 கி.மீ.; பெரிய விமான நிலையங்கள் பலவற்றின் ஓடுபாதையே இதைவிட நீளம். எட்டுப் பத்துப் பேர் அமரும் பிரிட்டன்-நார்மன் ஐலண்டர் விமானம் வழக்கமாக ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். காற்று வாய்த்த ஒரு நாளில் 53 நொடியில் கடந்திருக்கிறது. அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் இரண்டு நிமிடம். உபரி அங்கும் உண்டு.